சென்ற கம்பெனியும் நின்ற வண்டியும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையைக் கடந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழத் தொடங்கும். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பல தலைமுறைகளுக்கு முன் வந்து கடை வைத்தவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே மளிகையும் பாத்திரமும் பூவும் விற்று வருகின்றனர். தோவாளையில் விடியுமுன் கட்டிய பூக்கூடை, வெயில் ஏறுமுன் இத்தெருவை வந்தடைந்துவிடுகிறது. இங்கே நமக்கு நெடுநாள் பழக்கமான வணிகர் ஒருவர் இருக்கிறார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். அவருடைய கடையின் பின்புறச் சந்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். 2010ஆம் ஆண்டில் வாங்கியது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெயரைத் தாங்கியது. அந்தக் கம்பெனி இப்போது இந்தியாவில் ஒரு கார்கூட விற்பதில்லை. காரோ, பொங்கலுக்கும் பங்குனி உத்திரத்துச் சாஸ்தா கோயில் வழிபாட்டுக்கும் தவறாமல் ஊர் போய்த் திரும்புகிறது.

அண்மையில் அவரிடம், "அண்ணாச்சி, இந்தக் கம்பெனி நாளைக்கே திரும்பி வந்து புது வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாங்குவீர்களா?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. "வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். பத்து வருஷம் கழித்து அதற்குச் சாமான் கொடுக்க ஆள் இருக்குமா, அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு விலையைப் பேசலாம்" என்றார்.

அமெரிக்க மோட்டார்க் கம்பெனிகள் இழந்த வாடிக்கைக்காரரை மீட்பது எங்ஙனம் என்று அந்நாட்டிலே அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். புதிய உருவம், புதிய விளம்பரம், புதிய தலைவர் என்று அவர்கள் தேடிய வழிகள் பல. சாலைக் கடைத்தெருவில் எழுந்த இந்தக் கேள்வியையே நாம் உரைகல்லாகக் கொண்டு அவ்வழிகளைச் சற்றே உரைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பழங்கதை. அமெரிக்கக் கம்பெனிகள் இந்தியாவை விட்டுச் சென்றது ஒரு முறை அன்று, இரு முறை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. ஃபோர்டும் அக்காலத்தில் இங்கே தொழில் நடத்திற்று. நாடு விடுதலை பெற்ற பின்னர், வெளிநாட்டு உறுப்புகளை இறக்கிப் பூட்டுவது மட்டும் போதாது, உறுப்புகளையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் 1953இல் முடிவு செய்தது. அதற்கு இசையாத கம்பெனிகள் புறப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கதவைச் சாத்தியது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் நம் சாலைகளில் அமெரிக்க வண்டி என்றால், பழைய ஜமீன்தார் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பெரிய செவர்லேயும் பிளிமத்துமே.

1990களில் கதவு மீண்டும் திறந்தது. ஃபோர்டு, மகிந்திரா கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1995இல் வந்தது. செங்கற்பட்டுக்கு அருகே மறைமலைநகரில் தொழிற்சாலை எழுந்தது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் பூண்ட ஊரிலிருந்து 'ஐகான்' என்றும் 'ஃபியஸ்டா' என்றும் பெயரிட்ட வண்டிகள் வெளிவந்ததை எண்ணி நாம் சில சமயம் சிரித்துக்கொள்வதுண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் குஜராத்தின் ஹாலோலில் தொடங்கிற்று; முதலில் ஓப்பல் என்னும் பெயரிலும் 2003 முதல் செவர்லே என்னும் பெயரிலும் வண்டிகளை விற்றது. பின்னர் மகாராஷ்டிரத்தில் தலேகாவில் இரண்டாவது தொழிற்சாலையையும் கட்டியது. இருந்தும் 2017ஆம் ஆண்டின் முடிவோடு அது இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9ஆம் நாள் இந்தியாவில் கார் செய்வதை விடுவதாக அறிவித்தது. முந்திய பத்து ஆண்டுகளில் தனக்கு 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது அது கூறிய காரணம். மறைமலைநகரில் கடைசிக் கார் 2022இல் வெளிவந்தது. குஜராத்தின் சாணந்தில் இருந்த மற்றொரு தொழிற்சாலையை டாட்டா நிறுவனம் வாங்கிக்கொண்டது.

ஏறத்தாழ 4,000 தொழிலாளர் அதனால் பாதிக்கப்படுவர் என்று அன்றே சொல்லப்பட்டது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இஃது அயலார் செய்தி அன்று. மறைமலைநகரில் வேலை பார்த்த மகனை அல்லது மருமகனை உடையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேறொரு வகையிலும் இது நம்மைத் தொடும். ஊரை விட்டு வந்து பிழைப்பவனுக்குக் கார் என்பது ஊரோடு தன்னைக் கட்டும் கயிறு போன்றது. தாய்க்கு உடல்நலம் இல்லை என்று நள்ளிரவில் தொலைபேசி வந்தால் அதை நம்பித்தான் புறப்படுகிறான். சேமிப்பின் பெரும்பகுதியை அதில் போட்டிருக்கிறான். அவ்வண்டியைச் செய்த கம்பெனி ஒரு நாள் காலையில் "நாங்கள் புறப்படுகிறோம்" என்று அறிக்கை விடும்போது, வண்டியின் மதிப்பு அன்று மாலைக்குள்ளேயே குறைந்துவிடுகிறது. வண்டி அதே வண்டி. என்ஜினும் அதே என்ஜின். பழைய கார்த் தரகர் மட்டும் உதட்டைப் பிதுக்குகிறார்.

இரண்டு கம்பெனிகளும் புறப்படும்போது, விற்ற வண்டிகளுக்கு உறுப்புகளும் பழுதுபார்க்கும் வசதியும் தொடர்ந்து கிடைக்கும் என்றே உறுதி கூறின. அவ்வுறுதி காற்றோடு போயிற்று என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் விற்பனை நிலையம் நடத்தியவர்க்குப் புது வண்டி விற்பனை இல்லாவிட்டால் வாடகைக்கும் கட்டாது. எனவே ஓர் ஊரில் நிலையம் மூடும். வண்டிக்காரர் அடுத்த மாவட்டத்துக்குப் போக நேரும். உறுதிமொழி தாளில் இருக்கும். பட்டறையோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

நாமும் ஒரு முறை பட்டிருக்கிறோம். ஊரிலிருந்து திரும்பும் வழியில் களியக்காவிளை அருகே வண்டி நின்றுவிட்டது. உள்ளங்கையளவு உறுப்பு ஒன்று வேண்டும். சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள்; சென்னையில் இல்லை, வடக்கே இருந்து வரும் என்றார்கள். இருபத்துமூன்று நாள் காத்திருந்தோம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அமெரிக்கக் கம்பெனி அன்று என்பதை மட்டும் நியாயத்தின் பொருட்டுச் சொல்லிவிடுகிறோம். அந்த வண்டி அதற்கு முன்னும் பின்னும் நன்றாகவே ஓடிற்று. ஆனால் அடுத்த வண்டி வாங்கும் காலம் வந்தபோது, நம் நினைவுக்கு வந்தது அந்த இருபத்துமூன்று நாளே.

உறுப்புகளின் பேரில் நடந்த ஒரு பெரிய வழக்கையும் இங்கே நினைவூட்ட வேண்டும். கார்க் கம்பெனிகள் தம் உறுப்புகளையும் பழுது அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி தம் முகவர்களிடமே அடைத்து வைக்கின்றன என்ற புகாரை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அவற்றுள் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இருந்தன. மாருதி, டாட்டா, மகிந்திரா ஆகியவையும் இருந்தன. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. அவ்வழக்கின் நீண்ட வழிக்குள் நாம் நுழைய வேண்டா. நாட்டுக் கம்பெனிக்கு ஊருக்கு ஊர் நிலையம் உண்டு. அடைத்து வைத்தாலும் வாடிக்கைக்காரர் அதிகம் தவிப்பதில்லை. சில நகரங்களில் மட்டும் நிலையம் உடைய கம்பெனி அதே காரியத்தைச் செய்தால், தன் வேரிலேயே வெந்நீர் ஊற்றியதாகும்.

ஃபோர்டு இதை அறியாமல் இருந்தது என்று சொல்வதற்கில்லை. 'உறுப்பு விலை அதிகம்' என்ற பெயர் தனக்கு இருப்பதை உணர்ந்து, 2010இல் ஃபிகோ என்னும் சிறு காரைக் கொண்டுவந்தபோது ஒரு நல்ல வழியைக் கையாண்டது. பெரிய உறுப்பு முழுவதையும் மாற்றச் சொல்லாமல், அதைச் சிறு கூறுகளாகப் பிரித்து, கெட்டுப்போன கூற்றை மட்டும் வாங்கும்படி செய்தது. பின்னர், உறுப்புகள் தன் முகவர் நிலையத்துக்கு வெளியே உள்ள கடைகளிலும் கிடைக்க ஏற்பாடு செய்தது. 2013இல் எக்கோஸ்போர்ட் வந்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட வண்டிக்கு வரி குறைவு என்ற நம் நாட்டு விதியை அறிந்து அளவெடுத்துச் செய்த வண்டி அது. மக்கள் விரும்பி வாங்கினார்கள். மறைமலைநகரில் செய்த அதே வண்டி 2018இல் அமெரிக்காவிலேயே விற்பனைக்குப் போயிற்று. நம் தொழிலாளரின் கைத்திறனில் குறை இருந்ததா என்ற ஐயத்துக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

பின் ஏன் தோற்றது? மூன்று ஆண்டுகளில் மாருதி ஒரு போட்டி வண்டியை இறக்கியது. பின்னர் ஹுண்டாய் இறக்கியது, டாட்டா இறக்கியது. ஃபோர்டு அதே வண்டியையே முகம் திருத்தி விற்றுக்கொண்டிருந்தது. வாங்க வருகிறவருக்குக் காட்ட நான்கைந்து வண்டிகளே இருந்தன. 2019இல் மகிந்திராவோடு மறுபடி கூட்டுச் சேர்வதாக அறிவித்து, 2020 முடிவில் அதையும் கைவிட்டது. போகப்போகிறவனைப் போல நடந்துகொள்ளும் கடைக்காரனிடம் யாரும் கடன் சொத்து வாங்க மாட்டார்கள். 2021இல் நாட்டு விற்பனையில் ஃபோர்டின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இருந்தது. கம்பெனி போனதால் வாடிக்கைக்காரர் போனார் என்பதினும், போய்விடும் என்று அவர் முன்கூட்டியே மோப்பம் பிடித்தார் என்பதே நம் கருத்து.

ஜெனரல் மோட்டார்ஸின் கதை வேறு விதம். அதன் டவேரா, பத்துப் பேர் ஏறிக் கோயில் குளம் போய்வர ஏற்ற வண்டி. வாடகைக்கு ஓட்டுவோர் பலர் அதை நம்பியிருந்தனர். 2013இல் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் டவேராக்களைக் கம்பெனி திரும்ப அழைக்க நேர்ந்தது. புகைச் சோதனைக்கு அனுப்பிய என்ஜின்களில் தன் ஊழியர்களே முறைகேடு செய்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. வாடகை வண்டிக்காரர் புகையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டிருப்பார் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் சோதனைக்கு ஒரு என்ஜின், நமக்கு வேறு என்ஜினா என்ற கேள்வி எவருக்கும் எழும் அன்றோ?

இனி, இழந்ததை மீட்டவர்களைப் பார்ப்போம்.

1979இல் அமெரிக்காவின் மூன்றாவது பெரிய கம்பெனியான கிரைஸ்லர் மூழ்கும் நிலையில் இருந்தது. எண்ணெய் விலை ஏறியதும் மக்கள் சிறிய ஜப்பானியக் கார்களுக்குத் திரும்பிவிட்டார்கள். லீ அயகோக்கா என்பவர் தலைமை ஏற்றார். 150 கோடி டாலர் கடனுக்கு அரசாங்கம் பிணை நின்றது. 1983இல், கெடுவுக்கு ஏழு ஆண்டு முன்பாகவே, அக்கடன் அடைபட்டது. அவர் விளம்பரத்தில் தாமே தோன்றிப் பேசியதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நமக்கு அதனினும் முக்கியமாகப் படுவது, ஐந்து ஆண்டு அல்லது 50,000 மைல் என்று அவர் கொடுத்த வாரண்டி. அக்காலத்தில் மற்றக் கம்பெனிகள் அவ்வளவு நீண்ட பொறுப்பை ஏற்கவில்லை. வண்டி கெட்டால் செலவு என்னுடையது என்று கையெழுத்திட்ட பிறகு, கெடாத வண்டி செய்வது கம்பெனிக்கே அவசியமாகிவிடுகிறது.

இதே வழியை இன்னும் துணிவாகக் கையாண்டது ஒரு கொரியக் கம்பெனி. நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹுண்டாய்தான் அது. 1986இல் அமெரிக்காவில் மலிவு விலையில் கார் விற்கத் தொடங்கியது. முதலாண்டில் ஏராளமாக விற்றது. விரைவிலேயே வண்டிகள் பழுதாகி, அக்கம்பெனியின் பெயர் மேடைக் கோமாளிகளின் வாயில் நகைச்சுவையாயிற்று. 1998இல் அது, என்ஜினுக்கும் கியர்ப் பகுதிக்கும் பத்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தது. அண்ணாச்சியின் கேள்விக்கு நேரான விடை அது. பல ஆண்டுகள் பிடித்தன; ஆனால் வாங்குவோர் திரும்பினர். ஒரு குறை: முழுப் பத்து ஆண்டும் முதல் உரிமையாளருக்கே உரியது. வண்டி கைமாறினால் காலம் சுருங்கும். நம் நாட்டில் இது பொருந்தாது. இங்கே ஒரு காரின் பெயரைக் காப்பவன் அதை இரண்டாவதாக வாங்குகிறவன். அவன் நல்ல விலை கொடுத்தால்தான் முதலாமவன் அதே கம்பெனிக்குத் திரும்புவான்.

வாரண்டி தாளில் எழுதுவது எளிது. தொழிற்சாலையில் அதற்கு ஆதாரம் வேண்டும். இதற்குக் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்னும் ஊரில் நடந்ததைவிட நல்ல சான்று இல்லை. அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வாராதோர் மிகுதி, சண்டை மிகுதி, வெளிவந்த கார்களின் பெயரும் கெட்டிருந்தது. 1982இல் அதை மூடினார்கள். இரண்டாண்டு கழித்து டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. புதியவர்களைத் தேடவில்லை, பெரும்பாலும் அதே பழைய தொழிலாளரையே, அதே சங்கத்தோடு, எடுத்துக்கொண்டார்கள். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். பழைய முறையில் பூட்டும் வரிசை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. பிழை தெரிந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். புதிய முறையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. பிழை கண்டால் இழுக்கலாம். தலைவர் ஓடி வருவார். தீரவில்லையானால் வரிசையே நிற்கும். இழுத்தவனை யாரும் ஏசமாட்டார்கள்.

முன்பு சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிய அதே கைகள், டொயோட்டாவின் ஜப்பானியத் தொழிற்சாலைக்கு ஈடான தரத்தில் கார்களைச் செய்தன. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பாடத்தைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கயிற்றைக் கட்டுவது எளிதாயிற்று; இழுத்தவனை ஏசாமல் இருக்க மேலதிகாரிகளுக்குப் பழகவில்லை. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. ஃப்ரீமாண்ட் தொழிற்சாலை 2010இல் மூடப்பட்டு, பின்னர் டெஸ்லாவின் கைக்கு மாறியது. அரசாங்கப் பணம் வாங்காமல் அன்று தப்பிய ஃபோர்டும் தரத்தின் சிக்கலிலிருந்து விடுபடவில்லை. 2025இல் ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட முறை அமெரிக்காவில் தன் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. வேறு எந்தக் கம்பெனியும் ஓராண்டில் அத்தனை முறை அழைத்ததில்லை.

உறுப்பு கிடைத்தால் மட்டும் போதுமோ என்றால், போதாது. அதற்குச் சாட்சி நம் அம்பாசடர். 1950களின் கடைசியில் வந்து 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்ற அந்த வண்டி, திருவனந்தபுரத்தில் அமைச்சர் முதல் வாடகைக்காரர் வரை எல்லாரையும் சுமந்தது. எந்த வேப்பமரத்தடிப் பட்டறையிலும் அதைப் பிரித்துப் பூட்ட ஆள் உண்டு. எந்தப் பெட்டிக்கடைத் தெருவிலும் அதற்கு உறுப்பு உண்டு. ஆயினும் 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு வாங்குவோர் ஒவ்வொருவராக விலகினர். கம்பெனி அசையவில்லை. அது என்றும் நம்மோடு இருந்தது. ஆனால் அப்படியே இருந்தது. கடைசியில் அந்தப் பெயரை 2017இல் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

திருவனந்தபுரத்துக்கு அருகிலேயே இதே சிக்கலில் உழலும் ஒரு தொழிற்சாலை இருப்பதால், அமெரிக்கக் கதையை இங்கிருந்தே அளந்து பார்க்க முடிகிறது. நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில், நெசவாளரின் பாலராமபுரத்தைக் கடந்தவுடன் ஆறாலும்மூடு என்னும் ஊர் வரும். இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. ஊருக்குப் போகும்போது நம்மவர் பலர் அந்த வாயிலைக் கடந்திருப்பார்கள். கேரள அரசுக்குச் சொந்தமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி அங்கே இருக்கிறது. 1978இல் அமைந்தது; மூன்று சக்கர வண்டிகள் செய்வது. நகரில் ஓடும் ஆட்டோக்களில் பெரும்பாலானவை புனேயைச் சேர்ந்த பஜாஜ் கம்பெனியின் வண்டிகளே. வாசலில் தொழிற்சாலை இருந்தும் ஆட்டோக்காரர் ஏன் புனேக்குப் போனார்? புனே வண்டியின் கிளட்ச் கம்பி தெருமுனைக் கடையில் கிடைக்கும். ஆட்டோக்காரருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்று உலை ஏறாது. மாநிலப் பற்றை அவர் உலையில் போட முடியாது.

நெடுங்காலம் நட்டத்தில் கிடந்த அக்கம்பெனி 2019இல் 'நீம்-ஜி' என்னும் மின்சார ஆட்டோவைக் கொண்டுவந்தது. ஒரு முறை மின்னேற்றினால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், கிலோமீட்டருக்கு ஐம்பது காசு அளவே செலவு என்று அப்போது அறிவித்தார்கள். 2020இல் 25 வண்டிகள் நேபாளத்துக்கும் சென்றன. நல்ல முயற்சி. ஆயினும் மின்வண்டியில் மின்கலமே விலையின் பெரும்பகுதி. அது சில ஆண்டுகளில் தளரும்போது மாற்றுக் கலம் யார் தருவார், என்ன விலைக்குத் தருவார் என்பதே ஆட்டோக்காரரின் கேள்வி. அண்ணாச்சியின் கேள்வியேதான், வேறு சட்டை போட்டிருக்கிறது. தொழிற்சாலை அரை மணி நேரப் பயணத்தில் இருப்பதை அக்கம்பெனி தன் பெரும் செல்வமாகக் கொள்ளலாம். காலையில் கெட்ட வண்டி மாலையில் ஓடும் என்று ஒரு மாவட்டத்தில் நிலைநாட்டிவிட்டால் அடுத்த மாவட்டம் தானே கேட்கும். நேபாளத்துக்கு அனுப்புவதினும் நெய்யாற்றின்கரை ஆட்டோ நிலையத்தைப் பிடிப்பது கடினம், பயனும் அதிகம்.

இந்தியாவை விட்டுச் சென்ற அமெரிக்கப் பெயர்களில் ஒன்று ஏற்கெனவே ஓரளவு திரும்பியிருக்கிறது. அது காரன்று, மோட்டார் சைக்கிள். ஹார்லி டேவிட்சன் 2020 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ கம்பெனியோடு உடன்படிக்கை செய்து, விற்பனையையும் பழுதுபார்ப்பதையும் அதனிடம் ஒப்படைத்தது. 2023 ஜூலையில் இரு கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கிய வண்டி 2,29,000 ரூபாய் தொடக்க விலையில் வெளிவந்தது. ஒரு மாதத்தில் 25,000க்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். ஹீரோவின் பெயரைத் தெரியாத கிராமம் இந்நாட்டில் இல்லை. வாங்கியவர்கள் ஹார்லியின் அழகை விரும்பினார்கள். துணிவைக் கொடுத்தது ஹீரோவின் பட்டறை.

ஆகவே ஃபோர்டோ வேறொரு கம்பெனியோ நம்மிடம் மறுபடி வர விரும்பினால், புது வண்டியின் திரையை விலக்கும் விழாவுக்கு முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளை முதலில் கவனிக்க வேண்டும். எந்த உறுப்பு எங்கே இருப்பில் உள்ளது, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று யாரும் பார்க்கும்படி வெளியிடலாம். பழுது அறியும் கருவியையும் பயிற்சியையும் ஊர்ப் பட்டறை மெக்கானிக்குக்குக் கொடுக்கலாம். புது வண்டி வாங்குமுன் நம்மில் பெரும்பாலோர் யோசனை கேட்பது அவரிடந்தானே? அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, வெளிப் பட்டறைக்கும் அவ்வுரிமையைச் சட்டமாக்கினார்கள். வாரண்டியை மனிதனுக்கு அன்றி வண்டிக்குக் கொடுத்தால், கைமாறும்போது அதுவும் கூடவே செல்லும். இவற்றுக்குச் செலவாகும். ஒரு நடிகரைக் கூட்டிவந்து விளம்பரப்படம் எடுப்பதற்கும் செலவாகத்தானே செய்கிறது?

மறைமலைநகர்த் தொழிற்சாலையை ஃபோர்டு விற்கவில்லை. 2024 செப்டம்பரில், அதை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாட்டு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே என்ஜின்கள் செய்வதற்கு ஒப்பந்தம் ஆயிற்று. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்பது திட்டம். வேலை வரும்; அது மகிழ்ச்சிக்குரியது. என்ஜின்கள் கப்பல் ஏறும். நமக்குக் கார் விற்பதைப் பற்றி அவ்வொப்பந்தத்தில் பேச்சில்லை.

அண்ணாச்சியிடம் இச்செய்தியைச் சொன்னோம். அவருடைய வண்டிக்கு 2025இல் பதினைந்து ஆண்டு முடிந்தது. சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, பதிவை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். முன்பக்கப் பம்பரில் ஒரு கீறல். மற்றபடி வண்டி புதிது போலவே இருக்கிறது. "2029 என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பதிவுச் சான்றை எடுத்துப் பார்த்தார். "எனக்கு 2030 வரைக்கும் இருக்கிறது. அப்போது வந்தால் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த பூக்காரருக்குச் சில்லறை எண்ணத் தொடங்கினார்.